நெருப்புக் கங்காணியின் வரி

இலங்கையின் ஊவா மாகாணத்தில் அரசாங்கத்துக்கு அடுத்தபடியாக வரி போட்டு, அதைக் கறாராக வசூலித்த ஒரே மனிதர் நெருப்புக் கங்காணிதான். சட்டமில்லை, சபையில்லை, ரசீதில்லை. தெமோதரை ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையில், பஸ் நிற்கும் இடத்தில், பலகையும் தகரமும் வைத்து அடித்த ஒரு பெட்டிக்கடை. கூரையிலிருந்து நூலில் தொங்கும் ஒரு லைட்டர். அதற்கு நேர் கீழே ஒரு பழைய பால்மா டின். அவருடைய வரித் திணைக்களம் அவ்வளவுதான். அரசாங்கம் என்னிடம் வாங்கிய வரியெல்லாம் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இவர் வாங்கிய வரி எங்கே போனது என்று நன்றாகத் தெரியும். நானே அதில் ஏறிப் போயிருக்கிறேன்.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அவர் எந்தத் தோட்டத்திலும் கங்காணியாக இருந்தவர் அல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளியவர். ஓய்வு பெற்றபின் கடை போட்டார். கொழுந்து மலையில் பெண்களை விரட்டும் கங்காணி எப்படி நிற்பாரோ, அப்படியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த லைட்டருக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்பார். அதனால் வந்த பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கோயில் ஃபாதரே அவரை 'கங்காணி' என்றுதான் கூப்பிடுவார்.

நான் அப்போது பக்கத்துப் பாடசாலையில் கணக்கு வாத்தியார். பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். மாறுதலாகி வந்த முதல் நாளே, மணி அடிப்பதற்கு முன் ஒரு தம் போடலாம் என்று அவர் கடைக்குப் போனேன். சிகரெட் கேட்டேன். கொடுத்தார். பெட்டியில் போட்டிருந்த விலையைத்தான் வாங்கினார். லைட்டரை எட்டிப் பிடித்தேன். அது விர்ரென்று மேலே போய்விட்டது. நூல் ஒரு சின்னக் கப்பியில் ஓடுவதையும், மறுமுனை அவர் கையில் இருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

"சிகரெட்டு கம்பனியோட வெல சார். நெருப்பு என்னோட வெல."

"நெருப்புக்கு எதுக்குங்க காசு?"

"மனசு கிளினிக்குக்கு. பதுள ஆஸ்பத்திரியில மாசத்துக்கு ஒருக்கா நடக்குது. எங்காளுங்கள வேன்ல ஏத்திட்டுப் போகப் போறேன். நீங்க ஊதுனா வேன் ஓடும்."

டின்னில் போட்டேன். லைட்டர் இறங்கி வந்தது. பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்ததும், "ச்சீ, என்னா நாத்தம்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். புகையிலை என்றாலே அவருக்கு ஆகாதாம். பின் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் விக்கலன்னா மேல் கடையில வாங்குவீங்க. அவன் நெருப்ப சும்மா குடுக்குறான். பாவி!"

அந்த நேரம் பார்த்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாகப் பாதையில் வந்தார்கள். நான் பதறிப்போய்க் கடைக்குப் பின்னால் பாய்ந்தேன். அங்கே உரப்பைகளைத் தைத்து ஒரு படுதா கட்டியிருந்தது. நல்லவேளை என்று மூச்சு விட்டேன். திரும்பி வந்தபோது கங்காணி டின்னை என் முன்னால் நீட்டினார்.

"இப்ப எதுக்கு?"

"மறைப்பு வரி சார். வாத்திமாருக்கு மட்டும்."

வேன் யாருக்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். கங்காணியின் மனைவிக்கு ஒரு தம்பி, மரியதாஸ். தோட்டத்தில் வேலை. காலைப் பெரட்டில் பேர் போட ஆட்கள் கூடி நிற்கும்போது, தோட்டத்துத் துரை ஜீப்பில் வந்து இறங்குவதற்கு முன்பே துரை வந்து இறங்குவதை மரியதாஸ் நடித்துக் காட்டிவிடுவானாம். துரையின் நடை, தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறியும் விதம், நாயைத் திட்டும் தமிழ், எல்லாம் அச்சு அசலாக வரும். ஒருநாள் துரையே பின்னால் நின்று பார்த்துவிட்டு, கோபத்தில் அவனுக்கு அரைப் பேர்தான் போட்டார். அரை நாள் சம்பளம் போயிற்று. மறுநாள் வந்து, "அந்த நாய் பகுதியை இன்னொரு தடவை செய்" என்றும் கேட்டாராம்.

ஒரு மழைக்காலத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மரியதாஸ் வீட்டின் சமையல்கட்டும் பின்சுவரும் போயின. அன்றோடு அவன் பேச்சும் போயிற்று. தூறல் விழுந்தால் படுக்க மாட்டான், எழுந்து வாசலில் நின்றுகொண்டிருப்பான். பஸ்ஸில் ஏற மாட்டான். ஜன்னலுக்குப் பக்கத்தில் மலை வந்தால் இறங்கி ஓடிவிடுவான். எங்கள் பக்கத்தில் மலை வராத பாதைக்கு எங்கே போவது? வேனில், நடுச் சீட்டில், இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்தால் வரக்கூடும் என்பது கங்காணியின் கணக்கு. அதுவரை பகல் முழுவதும் கடை வாங்கில் உட்கார்ந்து, நூலில் ஆடும் லைட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வரி சேர்ந்தது. வேனை நிரப்ப ஆள் சேரவில்லை. தோட்டத்தில் தூக்கம் வராதவர்களும், காரணமில்லாமல் நடுங்குகிறவர்களும் இன்னும் சிலர் இருந்தார்கள். ஆனால் கிளினிக் என்றதும், "ஐயோ, அந்தக் கிளினிக்கா? எம் மகளுக்கு மாப்பிள்ள பாக்கணும்ங்க" என்று ஒதுங்கினார்கள். கங்காணி மூளையைக் கசக்கினார். எங்கள் மலைநாட்டில் ஒரேயொரு காரியத்துக்குத்தான் ஏன், எதற்கு என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அது சாவு. சாவுக்குப் போகிறேன் என்றால் பெரட்டில் லீவு கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். ஆகவே, வரவேண்டிய சில பேரின் காதில் மட்டும் விஷயத்தை ஓதினார்.

"வெள்ள உடுத்திக்கிட்டு வாங்க. யாராச்சும் கேட்டா, பதுளையில ஒரு சாவுன்னு சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவர் ஒன்றை மறந்துவிட்டார். சாவு என்று காதில் விழுந்தால் எங்கள் ஆட்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். கிளினிக் நாள் காலையில் கடைக்கு முன்னால் பாதி லயம் திரண்டு நின்றது. செத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. 'கங்காணிக்கு வேண்டியவங்க' என்பது போதுமாக இருந்தது. சாவுச் செலவுக்கு உதவும் மரணச் சங்கத்தின் தலைவர் வெள்ளைக் கொடிக் கட்டோடு வந்திருந்தார். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் குரல் எடுக்கும் ராசம்மா, தொண்டைக்கு இஞ்சி மென்றபடி நின்றாள். பாடசாலையின் சார்பில் மலர்வளையத்தோடு என்னை அனுப்பியிருந்தார் அதிபர். வேன் போதாமல், கொழுந்து ஏற்றும் லொறி ஒன்றும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

கங்காணி என்னைப் பார்த்து முழித்தார். "சார், நீங்களுமா?"

"ரொம்ப நெருங்கினவங்களா கங்காணி?"

"ரொம்ப" என்றார் லொறியைப் பார்த்தபடி.

ஒரு நன்மை நடந்தது. அவ்வளவு கூட்டம் இருந்ததால், மரியதாஸ் நடுச் சீட்டில் பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். மலையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. என் மலர்வளையம் மட்டும் அவன் முகத்துக்கு நேரே இருந்தது. பதுளை வரை அசையாமல் வந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், உடம்பை வாங்கத்தான் வந்திருக்கிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கங்காணி வாயைத் திறப்பதற்குள் ராசம்மா திறந்துவிட்டாள். "என்னப் பெத்த மகராசா!" என்று அவள் எடுத்த குரலுக்கு, மனசு கிளினிக் கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா ஓடி வந்தார். சின்ன வயது.

"யாரும்மா இறந்தது? இங்க யாரும் இறக்கலையே?"

எல்லோரும் கங்காணியைப் பார்த்தோம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி முழு உண்மையையும் கொட்டிவிட்டார். மரணச் சங்கத் தலைவர் கொடிக்கட்டால் அவரை அடிக்கக் கை ஓங்கினார். டாக்டரம்மாவுக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வந்தது வந்துவிட்டீர்கள், எல்லோரும் உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். பிறகு ராசம்மாவின் பக்கம் திரும்பி, ஆள் யாரென்றே தெரியாமல் எப்படி இவ்வளவு கண்ணீர் வருகிறது என்று கேட்டார்.

"யாரா இருந்தா என்னாங்க?" என்றாள் ராசம்மா, மூக்கைத் துடைத்தபடி. "எனக்கு அழறதுக்கு வேற எடம் எங்க இருக்கு? வீட்டுல அழுதா புருசன் ஏசுறாரு. மலையில அழுதா கொழுந்து கொறையுது. சாவு வீட்டுலதான் என்னய யாரும் கேக்க மாட்டாங்க."

அன்று டாக்டரம்மாவிடம் ரொம்ப நேரம் உட்கார்ந்து பேசியவள் ராசம்மாதான். மரியதாஸைப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். மரணச் சங்கத் தலைவர்கூட, தனக்கு ஒன்றும் இல்லை, சும்மா கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனவர், கண் சிவந்து வெளியே வந்தார். எனக்குச் சிகரெட்டைப் பற்றி ஒரு மண்டகப்படி கிடைத்தது. மலர்வளையத்தைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் டாக்டரம்மாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு வந்த நோயாளிகள் எல்லாம் வாசலிலேயே தயங்கினார்களாம்.

அந்த ஒரு பயணத்தோடு வெட்கம் தொலைந்தது. பாதி லயமும் போய் வந்துவிட்டதால், இவன் அந்தக் கிளினிக்குக்குப் போனவன் என்று கேலி செய்ய ஆளில்லை. வேனுக்குப் பெயர் மட்டும் 'சாவு வேன்' என்றே நிலைத்துவிட்டது. "கங்காணி, இந்த மாசம் சாவு எப்ப?" என்று பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து உற்சாகமாகக் கேட்பார்கள். ஊர் தெரியாத பிரயாணிகள் நடுங்கிப்போவார்கள்.

வரிக்கு எதிரிகள் இல்லாமல் இல்லை. விலைக்கு மேல் விற்கிறார் என்று யாரோ எழுதிப் போட்டு, ஓர் அதிகாரி வந்துவிட்டார். மேல் கடைக்காரன் வேலைதான் என்று கங்காணி இன்றுவரை சொல்வார். அதிகாரி கடையைக் குடைந்தார்.

"சிகரெட்டு பெட்டியில போட்ட வெலைக்குத்தான் குடுக்குறேன் மாத்தயா. நெருப்புக்கு வெல எங்க போட்டிருக்கு? காட்டுங்க, அதுக்கு மேல ஒரு சதம் வாங்க மாட்டேன்."

அதிகாரி லைட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. யோசித்துக்கொண்டே தன் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார், லைட்டரை எட்டினார். அது விர்ரென்று மேலே போயிற்று. வரியைக் கட்டிவிட்டுத்தான் போனார்.

தேர்தல் காலத்தில் மாலையும் கழுத்துமாக வாக்குக் கேட்டு வந்த ஒரு பெரிய மனிதருக்கும் அதே கதிதான். "என்னாங்க இது, வரி போடுற வேல எங்க வேலையாச்சே!" என்று அவர் சிரித்தார்.

"போடுறீங்கதான். சிகரெட்டுல நீங்க எடுக்குறதுல ஒரு பங்க இந்தக் கிளினிக்குக்குன்னு ஒதுக்கிக் குடுங்க. நான் நாளைக்கே நெருப்ப சும்மா குடுக்குறேன்."

பார்க்கலாம் என்றார் பெரிய மனிதர். கங்காணி நூலை விடவில்லை.

இப்படி அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் சமாளித்த மனிதரை ஆட்டம் காண வைத்தது ஒரு மாம்பழ வாசம். ஸ்டேஷனைச் சுற்றி வளைந்து போகும் ரயில் பாதையைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்களைப் பார்த்து எங்கள் ஆட்டோக்காரத் தம்பிகளும் ஒரு புதுச் சாமானுக்குப் பழகிவிட்டார்கள். ஒருநாள் கங்காணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, வாங்கில் இருந்த ஒரு தம்பியை உற்றுப் பார்த்தார்.

"என்னாடா, பேனாவ சூப்பிக்கிட்டு இருக்க?"

"வேப் மாமா. புது மாதிரி சிகரெட்டு, இதுக்கு நெருப்பே வேணாம்."

கங்காணியின் முகம் இருண்டது. "அப்ப வரி?"

"வரி நெருப்புக்குத்தானே மாமா? நீங்கதானே சொன்னீங்க."

மூன்றாம் நாள் அந்தத் தம்பியிடம் மெதுவாகப் போய், அது எதில் ஓடுகிறது என்று விசாரித்தார். சார்ஜில் என்றான். சார்ஜ் எங்கே போடுகிறாய் என்றார். "ஒங்க கடையிலதான் மாமா" என்றான் அந்த வெள்ளந்தி. மறுநாள் காலை, கடைப் பிளக்குக்கு மேல் ஒரு மரப்பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, பக்கத்தில் இரண்டாவது பால்மா டின். நெருப்பு வரியைவிட சார்ஜ் வரி கூடுதல். ஏன் என்று கேட்டால், "இது மணக்குது. மணத்துக்குத் தனி" என்றார்.

தம்பிகள் பண்டாரவளைக்குப் போய்ப் பவர் பேங்க் வாங்கிக்கொண்டு வந்தார்கள். "வரி ஏய்க்கிறானுங்க சார்!" என்று கங்காணி என்னிடம் புலம்பினார். அந்தச் சமயம் பார்த்தா நான் என் செய்தியைச் சொல்லியிருக்க வேண்டும்! டாக்டரம்மாவின் மண்டகப்படி வேலை செய்து, நான் சிகரெட்டை விட்டிருந்தேன். சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசம் சார். ரொம்ப ரொம்ப சந்தோசம்" என்றார், நிஜமாகவே சாவு வீட்டில் நிற்கிற முகத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "விட்டது நல்லதுதான். ஆனா ஒரேயடியா விடணுமா? கொஞ்சங்கொஞ்சமா விடலாமே? ஒங்க மறைப்பு வரியில மட்டும் வேன் பாதி வழி கடந்து போகும் சார்."

என்னைப் பார்த்து இன்னும் சில ஆசிரியர்கள் விட்டார்கள். வேனில் போய் வந்தவர்களிலும் சிலர் விட்டார்கள். ஆக, வரி வேலை செய்யச் செய்ய டின் காலியாகிக்கொண்டு வந்தது. புகைக்கிறவனைக் கண்டால் கங்காணிக்கு வயிறு எரிந்தது. புகைக்காதவனைக் கண்டால் அதைவிட எரிந்தது.

தீபாவளி கழிந்து மழை கறுத்துக்கொண்டு நின்ற ஒரு பின்னேரம். மறுநாள் கிளினிக். மரியதாஸின் மாத்திரை அன்றோடு முடிகிறது. இதற்குள் அவன் தூங்கத் தொடங்கியிருந்தான். 'ம்', 'தண்ணி', 'போதும்' என்று ஒற்றைச் சொல்லாகப் பேச்சும் திரும்பியிருந்தது. மழைக்கு முன்னால் மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். டின்னில் டீசலுக்குப் போதாது. வேன்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

கங்காணி பஸ் வரிசைக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் புகையிலையை ஏசியவர், கையில் சிகரெட் பெட்டியோடு ஒவ்வொருவராகக் கெஞ்சத் தொடங்கினார்.

"தம்பி, ஒன்னே ஒன்னு பத்த வைங்க. புண்ணியமாப் போகும்."

"விட்டுட்டேன் கங்காணி. நீங்கதானே நாறுதுன்னு சொன்னீங்க?"

"இன்னைக்கு நாறாது. வைங்க."

ஒருவரும் வைக்கவில்லை. அவர் கடைக்குத் திரும்பிப் போனார். பெட்டியிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். விலையைத் தன் கல்லா லாச்சியில் தானே போட்டார். வரியை டின்னில் போட்டார். "எவனும் ஊதலன்னா நான் ஊதுறேன்" என்று சொல்லி, நூலை இறக்கிப் பற்றவைத்து, நெஞ்சு நிறைய இழுத்துவிட்டார்.

அப்படி ஓர் இருமலை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. முதலில் கண்கள் வெளியே வந்தன. பிறகு கால்கள் தரையைவிட்டுக் கிளம்பின. கடைசியில் மேல்வரிசைப் பல் செட் பறந்துபோய் ரொட்டித் தட்டில் உட்கார்ந்தது. நாங்கள் திகைத்து நின்றபோது, வாங்கிலிருந்து இன்னோர் இருமல் கேட்டது. அதே இழுப்பு, அதே எகிறல், பல் விழும் இடத்தில் அதே 'ப்ளக்'. திரும்பிப் பார்த்தோம். மரியதாஸ் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கங்காணியாக இருமிக்கொண்டிருந்தான். இருமி முடித்து, பல் இல்லாத வாயால் பேசுவதுபோல், "எழவு நாத்தம்!" என்றான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பஸ் வரிசை முழுவதும் சிரித்தது. கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. ரொட்டித் தட்டில் கைவைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, புகையாலா வேறெதாலா என்று நான் கேட்கவில்லை. பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு எங்களிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இத்தன நாளு நீங்க இழுத்த பொக வீண் போகல." அவர் கை மறுபடியும் பெட்டிக்குள் போயிற்று. "இன்னும் பத்தல. இன்னொன்னு ஊதுறேன்."

"ஐயோ, வேணாங்க கங்காணி!" என்று வரிசையே அலறியது. ராசம்மா ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். ஆட்டோத் தம்பிகள் டின்னில் போட்டார்கள். நானும் போட்டேன். மழைக்குக் குடை விரித்து நின்ற, சிகரெட்டைத் தொட்டே அறியாத கொழுந்துக்காரப் பெண்களும் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போட்டார்கள். புகைத்ததற்கு வரி கட்டி வந்த ஊர், அன்று அந்த மனிதர் புகைக்காமல் இருப்பதற்கு வரி கட்டியது. மறுநாள் வேன் போயிற்று. அதன் பிறகும், டின் வற்றினால் கங்காணி பேசாமல் ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார்.

எனக்குப் பதுளைக்கே மாறுதலாகிவிட்டது. அந்தப் பக்கம் அடிக்கடி போக முடிவதில்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே வேலை பார்த்தபோது ஒரு நாளாவது அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். இப்போதும் பஸ் நிலையத்தில் எவராவது பலமாக இருமினால், என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது, கண் கூட்டத்தில் அவரைத் தேடுகிறது.